படகுக்கும் அம்மை வரும்!

கூக்கூப் மீனவர் கிராமத்திலோ மெர்சிங் படகுத்துறையிலோ ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கட்டிக்கிடக்கும் சிறு படகுகளில் பல வழுவழுப்பாக, வெள்ளையாகவோ நீலமாகவோ பளபளக்கும். மரப்படகில் தெரியும் பலகை இணைப்பு அவற்றில் இல்லை. இரும்புப் படகில் படியும் துருவும் இல்லை. இவைதாம் ஃபைபர் படகுகள். துருப்பிடிக்காது, கறையான் அரிக்காது, எடை குறைவு. ஆகவே இந்தப் படகுக்கு நோயே வராது என்று பலர் நினைக்கிறார்கள்.

உண்மை வேறு. சில ஆண்டுகள் இரவும் பகலும் தண்ணீரிலேயே மிதந்த ஒரு ஃபைபர் படகைக் கரையேற்றி, அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டினால், சில வேளைகளில் ஒரு வினோதம் தெரியும். வழுவழுப்பாக இருக்க வேண்டிய அடித்தோலில் நூற்றுக்கணக்கான கொப்புளங்கள். சில மிளகு அளவு, சில ஐம்பது காசு நாணய அளவு. மேலை நாட்டுப் படகுக்காரர்கள் இதற்கு வைத்த பட்டப்பெயர் ‘படகு அம்மை’. அம்மை போட்ட உடலைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் மிகப் பொருத்தம் என்று தோன்றும்.

ஒரு கொப்புளத்தைக் குத்தினால் பிசுபிசுப்பான திரவம் பீய்ச்சி அடிக்கும். அதில் வினிகர் வாடை வீசும். பி.எச். தாளில் தொட்டால் அமிலம் என்று காட்டும்.

இங்கேதான் அறிவியல் மாணவர் புருவத்தை உயர்த்த வேண்டும். கடல்நீரின் பி.எச். ஏறத்தாழ 8. அதாவது அது இலேசான காரத்தன்மை உடையது. அப்படியானால் புளிப்பான இந்தத் திரவம் எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து உள்ளே போனது வெறும் தண்ணீர் என்றால், உள்ளே அமிலத்தைச் சமைத்தது யார்?

இந்தப் புதிருக்கு விடை காணத் தேவையான பாடங்கள் எல்லாம் உங்கள் புத்தகப் பையிலேயே இருக்கின்றன. படிவம் 4 உயிரியலில் வரும் சவ்வூடுபரவல், படிவம் 4 வேதியியலில் வரும் கலப்புப் பொருள்கள், படிவம் 5இல் வரும் எஸ்டர். மூன்றையும் ஒரு படகின் அடியில் வைத்துச் சேர்த்துப் படிப்போம்.

கண்ணாடி நூலும் பிசினும்

ஃபைபர் படகு என்பது கண்ணாடியால் செய்த படகு என்றால் சிரிப்பீர்கள். ஆனால் அது உண்மை. கண்ணாடியை உருக்கி, தலைமுடியைவிட மெல்லிய இழைகளாக இழுத்தால் அது வளையும். இழுவிசையையும் நன்றாகத் தாங்கும். அந்த இழைகளை வெட்டிப் பாய்போலப் பரப்பினால் அதற்குப் பெயர் ‘மேட்’. அதன்மீது பாலியெஸ்டர் பிசினை ஊற்றி, உருளையால் தேய்த்து ஊறவிட்டு, இறுகவிட்டால் கிடைப்பதே ஃபைபர் கிளாஸ். கண்ணாடி வலிமை தருகிறது. பிசின் அதைப் பிடித்து வைக்கிறது. இரண்டும் தனித்தனியே செய்ய முடியாததைச் சேர்ந்து செய்கின்றன. கலப்புப் பொருள் என்பதன் இலக்கணமே இதுதான்.

படகு கட்டுபவர் வெளிப்புறத்திலிருந்து உட்புறம் நோக்கி வேலை செய்கிறார். முதலில் அச்சின் உட்சுவரில் மெழுகு பூசுவார். அடுத்து நிறம் கலந்த ஒரு பிசின் பூச்சு. அதுதான் ‘ஜெல்கோட்’. நாம் வெளியே பார்க்கும் பளபளப்பு அதுவே. அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அது இறுகத் தொடங்கியதும் மேட், பிசின், மேட், பிசின் என்று அடுக்குவார். பிசின் தானாக இறுகாது. ஹார்டனர் எனப்படும் ஒரு பெராக்சைடு திரவத்தை 100க்கு 1 முதல் 2 பங்கு வரை கலந்தால்தான் அது வினைபுரிந்து, வெப்பத்தை வெளியிட்டு, கல்லாகும்.

ஆக, கடலுக்கும் படகின் உடலுக்கும் நடுவே நிற்பது அரை மில்லிமீட்டர் தோல். அந்தத் தோலை நம்பித்தான் மீனவர் கடலுக்குப் போகிறார்.

கட்டுமரம் கற்பித்த பாடம்

ஃபைபருக்கு முன்னால் தமிழ் மீனவர்கள் எதில் போனார்கள்? கட்டுமரத்தில். ஆங்கிலத்தில் வழங்கும் ‘கட்டமரான்’ என்ற சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். சோழமண்டலக் கரையில் மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குப் போய்வந்த மீனவர், கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் காயவைப்பார். மரம் நீரைக் குடித்தால் கனக்கும். கனத்தால் மிதப்பு குறையும். ஆகவே உலர்த்துவது அவருக்கு அன்றாட வேலை.

பிறகு தமிழ்நாட்டுக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் முதலிய கரைகளைச் சூறையாடிய பிறகு, நிவாரணமாக வழங்கப்பட்ட படகுகளிலும் ஃபைபர் படகுகளே மிகுதி. இலங்கையின் வடக்கே காரைநகரிலும் நோர்வே நாட்டு உதவியோடு சீநோர் என்ற நிறுவனம் ஃபைபர் படகுகளைக் கட்டியது. நம் ஜொகூரிலும் மரச் சம்பான்களின் இடத்தை ஃபைபர் பிடித்துக்கொண்டது.

பொருள் மாறியதும் பழக்கமும் மாறியது. ‘பிளாஸ்டிக்குக்கு எதற்கு வெயில்?’ என்ற எண்ணம் வந்தது. மரம் நீர் குடிக்கும், பிளாஸ்டிக் குடிக்காது என்ற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையில்தான் ஓட்டை இருக்கிறது.

ஓட்டையே இல்லாமல் நுழையும் நீர்

பாலியெஸ்டர் பிசின் இறுகிய பிறகு நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் வலையாக இருக்கும். நம் கண்ணுக்கு அது கெட்டிச் சுவர். ஆனால் நீர் மூலக்கூறு மிகச் சிறியது. வலையின் இடைவெளிகளில் அது ஒவ்வொன்றாக நகர்ந்து உள்ளே போகிறது. இது விரவல். ஓட்டை தேவையில்லை, விரிசல் தேவையில்லை. போதிய காலம் கொடுத்தால் போதும்.

உப்பு அவ்வளவு எளிதில் நுழைய முடியாது. சோடியம், குளோரைடு அயனிகள் நீர் மூலக்கூறுகளைத் தம்மைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு திரிபவை. அவற்றை ஜெல்கோட் பெரும்பாலும் வெளியிலேயே நிறுத்திவிடும். நீரை விடும், கரைபொருளைத் தடுக்கும். இந்த வரியை எங்கோ படித்த நினைவு வருகிறதா? ஆம், பகுதி ஊடுபுகவிடும் சவ்வு. உயிரணுச் சவ்வுக்கு நீங்கள் எழுதும் அதே இலக்கணம் ஜெல்கோட்டுக்கும் ஓரளவு பொருந்துகிறது.

நீர் உள்ளே போவதால் மட்டும் கொப்புளம் வராது. போன நீர் அங்கே கரைக்க ஒன்றும் இல்லாவிட்டால் சும்மா இருக்கும். படகைக் கரையேற்றினால் வந்த வழியே வெளியேறியும் விடும். சிக்கல் தொடங்குவது, உள்ளே ஏதாவது கரையும் பொருள் காத்திருக்கும்போதுதான்.

புளிப்பு எங்கிருந்து வந்தது?

அந்தக் கரையும் பொருள்கள் என்ன? முதலாவது, இறுகும்போது வினைபுரியாமல் மிஞ்சிய வேதிப்பொருள்கள். ஹார்டனர் அளவு தவறினாலோ சரியாகக் கலக்காவிட்டாலோ இந்த மிச்சம் கூடும். பிசின் தயாரிக்கப் பயன்பட்ட கிளைக்கால் என்ற ஆல்கஹாலும் இதில் உண்டு.

இரண்டாவது, மேட்டில் இருக்கும் பசை. சில வகை மேட்டில் வெட்டிய கண்ணாடி இழைகளைப் பிணைக்கப் பாலிவினைல் அசிட்டேட் பயன்படுகிறது. பெயர் பெரிதாக இருந்தாலும் பொருள் உங்களுக்குப் பழக்கமானதுதான். கலைக்கல்வி வகுப்பில் அட்டை ஒட்டும் வெள்ளைப் பசை அதுவே. நீரோடு அது வினைபுரிந்தால் அசிட்டிக் அமிலம் பிரியும். வினிகரின் புளிப்பும் அசிட்டிக் அமிலம்தான்! வாடைக்கான துப்பு கிடைத்துவிட்டது.

மூன்றாவது காரணம் இன்னும் ஆழமானது. பாலியெஸ்டர் என்ற பெயரிலேயே எஸ்டர் இருக்கிறது. அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து, நீரை வெளியேற்றி, எஸ்டர் ஆகின்றன என்று படித்திருப்பீர்கள். இது மீள்வினை. வெளியேற்றிய நீர் திரும்பி வந்து பல்லாண்டு தங்கினால், எஸ்டர் பிணைப்பு அறுந்து மீண்டும் அமிலமும் ஆல்கஹாலும் உண்டாகும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். இதில் ஒரு கொடுமையும் உண்டு. உண்டான அமிலம் அடுத்த எஸ்டர் பிணைப்பு அறுவதை விரைவுபடுத்துகிறது. நோய் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

ஆக, அமிலத்தைச் சமைத்தது கடல் அன்று. படகு தன் உடலையே கரைத்து அதைச் சமைத்தது. கடல் கொடுத்தது தண்ணீர் மட்டுமே.

1970, 80களில் மேலை நாடுகளில் இந்த நோய் பெரும் புகாராக வெடித்தபோது, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் ராக்கெட், ரோஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். நிதி கொடுத்தது அந்நாட்டுக் கடலோரக் காவல்படை. ஃபைபர் துண்டுகளை வெந்நீரில் ஊறவைத்து, பல ஆண்டுகளில் நடப்பதைக் குறுகிய காலத்தில் நடக்கச் செய்து பார்த்தார்கள். 1987இல் வெளியான அவர்கள் அறிக்கை, உள்ளே இருக்கும் நீரில் கரையும் பொருள்களே கொப்புளத்தின் வேர் என்பதைத் தெளிவாக்கியது.

கொப்புளத்துக்குள் எவ்வளவு அழுத்தம்?

1748இல் பிரெஞ்சு அறிஞர் நொல்லே ஒரு சோதனை செய்தார். ஒரு பாத்திரத்தில் சாராயத்தை நிரப்பி, அதன் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுகக் கட்டி, தண்ணீரில் மூழ்கவைத்தார். சிறிது நேரத்தில் சவ்வு மேல்நோக்கிப் புடைத்தது. சவ்வூடுபரவல் அறிவியலின் கண்ணில் முதலில் பட்டதே ஒரு கொப்புளமாகத்தான் என்று சொல்லலாம்.

அந்த அழுத்தத்தைக் கணக்கிட வழி சொன்னவர் டச்சு நாட்டு வேதியியலாளர் வான் ஹாஃப். 1901இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. அவருடைய சூத்திரம் எளிது:

அழுத்தம் = செறிவு × 0.082 × வெப்பநிலை

செறிவு என்பது ஒரு லிட்டரில் கரைந்துள்ள துகள்களின் மோல் எண்ணிக்கை. வெப்பநிலையைக் கெல்வினில் எடுக்க வேண்டும். விடை வளிமண்டல அழுத்தத்தில் வரும். 30 பாகை செல்சியஸ் என்றால் 303 கெல்வின். ஒரு மோல் துகளுக்கு 1 × 0.082 × 303 = 24.8. ஏறத்தாழ 25 என்று வைத்துக்கொள்வோம்.

சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மோல் அயனித் துகள்கள் உண்டு. கொப்புளத் திரவத்தில் 2 மோல் இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம்.

படகு கடலில் இருந்தால்: உள்ளே 50, வெளியே 25. வேறுபாடு 25.
படகு ஆற்றில் இருந்தால்: உள்ளே 50, வெளியே கிட்டத்தட்ட 0. வேறுபாடு 50.

கார் டயரை நிரப்பும் அழுத்தம் இரண்டைச் சற்றே தாண்டும். அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உண்மையான கொப்புளத்தில் இந்த முழு அழுத்தமும் எட்டுவதில்லை. ஜெல்கோட் நேர்த்தியான சவ்வு அன்று. தோலும் நெகிழ்ந்து கொடுக்கும். ஆனாலும் அரை மில்லிமீட்டர் தோலைத் தூக்கிப் புடைக்கச் செய்ய, இதில் ஒரு பகுதியே போதும்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. பலரும் உப்புத் தண்ணீர்தான் படகைக் கெடுக்கும் என்று நினைக்கிறார்கள். கொப்புளத்தைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறு. நன்னீரில் கிடக்கும் படகுக்கே ஆபத்து அதிகம்.

ஜொகூர் நீரிணையில் ஏன் கவனம் தேவை?

இப்போது நம் வீட்டு வாசலைப் பார்ப்போம். ஜொகூர் நீரிணையில் ஸ்கூடாய், தெப்ராவ், பூலாய், ஜொகூர் ஆறுகள் கலக்கின்றன. 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் கல்லும் மண்ணும் கொட்டிக் கட்டிய கரையாதலால் நீரிணையைக் குறுக்கே அடைத்து நிற்கிறது. நீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாராளமாக ஓடுவதில்லை. ஆற்றுநீர் கலப்பதால் இங்கே உப்பின் அளவு திறந்த கடலைவிடக் குறைவு. மழைக்காலத்தில் இன்னும் குறையும். கோத்தா திங்கிப் பக்கம் ஆற்றிலேயே மிதக்கும் படகுகளுக்கு உப்பின் பாதுகாப்பு அறவே இல்லை.

அடுத்தது வெப்பம். நம் கடல்நீர் ஆண்டு முழுவதும் 30 பாகையை ஒட்டியே இருக்கும். 15 பாகைக் குளிர்நீர்த் துறைமுகம் ஒன்றோடு ஒப்பிடுங்கள். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொது விதி. 15 பாகை வேறுபாட்டுக்கு அது ஏறத்தாழ 3 மடங்கு. அங்கே 15 ஆண்டுகளில் நடக்கும் வினைக்கு இங்கே 5 ஆண்டே போதும்.

மூன்றாவது, ஓய்வின்மை. குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்ததும் உல்லாசப் படகுகளைப் பல மாதம் கரையேற்றி வைப்பார்கள். அப்போது உடலில் ஊறிய நீர் கொஞ்சம் வெளியேறும். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் கடலுக்குப் போகலாம். ஆகவே படகும் ஆண்டு முழுவதும் ஊறுகிறது. மெர்சிங் கரையில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பல படகுகள் ஓய்வு பெறுகின்றன. ஆனால் அது மழைக்காலம். உலர ஏற்ற காலம் அன்று.

இதற்கு மாறாக, வேலை முடிந்ததும் கரையில் இழுத்து ஏற்றிவைக்கும் சிறு படகுகளில் இந்த நோய் அரிது. கட்டுமர மீனவரின் பழைய பழக்கம் ஃபைபருக்கும் மருந்தாகிறது.

நோயை எப்படி அடையாளம் காண்பது?

புடைப்பெல்லாம் அம்மை அன்று. அடிப்பாகத்தில் பூசும் பாசித்தடுப்புச் சாயம் மட்டும் உப்பியிருக்கலாம். அதைச் சுரண்டினால் கீழே ஜெல்கோட் வழுவழுப்பாக இருக்கும். பயம் வேண்டாம். ஜெல்கோட்டே புடைத்து, உள்ளிருக்கும் திரவம் புளித்த வாடையோடு பிசுபிசுத்தால் அதுதான் அம்மை.

படகு பார்ப்பவர்கள் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல இடத்தில் ‘டக்’ என்று கெட்டியான ஒலி. அடுக்குகள் பிரிந்த இடத்தில் மந்தமான ஒலி. பூசணிக்காயைத் தட்டிப் பார்த்து வாங்கும் அதே நுட்பம். இன்னொரு எளிய சோதனை: கரையேற்றிய படகின் அடியில் தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் வியர்த்தால் உடல் இன்னும் ஈரம்.

ஒரு எச்சரிக்கை. கொப்புளத்தைக் குத்தும்போது திரவம் கண்ணை நோக்கிப் பாயலாம். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் அதைத் தொடக்கூடாது.

கொப்புளம் வந்தவுடன் படகு மூழ்கிவிடாது. சில கொப்புளங்களோடு படகுகள் பல ஆண்டு ஓடுவதுண்டு. ஆனால் கவனிக்காமல் விட்டால் நீர் ஆழமாகப் போய், கண்ணாடி இழையைப் பிசினிலிருந்து பிரிக்கும். படகு கனக்கும், எண்ணெய் கூடுதலாகச் செலவாகும், விற்கப்போனால் விலை கிடைக்காது. ஒரு மீனவக் குடும்பத்துக்குப் படகு என்பது வீட்டுக்கு அடுத்த பெரிய சொத்து. அதனால்தான் வருமுன் காப்பது முக்கியம்.

வருமுன் காக்க

முதல் காப்பு படகு கட்டும் பட்டறையிலேயே தொடங்குகிறது. பாலியெஸ்டரில் ஆர்த்தோ, ஐசோ என்று இரு வகை உண்டு. ஐசோ வகை நீரைச் சிறப்பாகத் தாங்கும். அதைவிடச் சிறந்தது வினைல் எஸ்டர். அதன் சங்கிலியில் எஸ்டர் பிணைப்புகள் முனைகளில் மட்டுமே இருப்பதால், நீர் அறுப்பதற்கான இடங்கள் குறைவு. விலை அதிகம் என்பதால் படகு முழுவதற்கும் இல்லாவிட்டாலும், ஜெல்கோட்டை அடுத்த முதல் அடுக்குக்கு மட்டுமாவது அதைப் பயன்படுத்தலாம். அந்த அடுக்கில் வெள்ளைப் பசை சேர்ந்த மேட்டைத் தவிர்த்து, தூள்வகைப் பசையால் பிணைத்த மேட்டை இடுவது நல்லது. ஹார்டனரை அளந்து கலக்க வேண்டும். வெயிலில் பிசின் சீக்கிரம் இறுகிவிடுமே என்று அளவுக்கும் குறைவாக ஊற்றினால், இறுகாத மிச்சம் உள்ளே தங்கி, பிற்காலக் கொப்புளத்துக்கு விதையாகும்.

இரண்டாவது காப்பு, எபோக்சி பூச்சு. எபோக்சியின் முதுகெலும்பில் எஸ்டர் பிணைப்பே இல்லை. நீருக்கு அறுக்க ஒன்றும் கிடைக்காது. நீரைக் கடத்துவதும் பாலியெஸ்டரைவிடக் குறைவு. படகின் அடியில் நான்கு முதல் ஆறு பூச்சுவரை அடித்து, உலர்ந்த பிறகு மொத்தத் தடிமன் ஏறத்தாழ கால் மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். மூன்று ஏ4 தாள்களை அடுக்கினால் என்ன தடிமனோ, அவ்வளவுதான். அதன்மேல் பாசித்தடுப்புச் சாயம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன் ஒரு நிபந்தனை: உடல் உலர்ந்திருக்க வேண்டும். ஈரமான படகின்மேல் எபோக்சி பூசுவது, சீழ் வடியும் புண்ணை இறுகக் கட்டுவதற்குச் சமம். உள்ளிருக்கும் நீர் வெளியேற வழியின்றி, வேலையை உள்ளேயே தொடரும். பூச்சும் உரிந்துவிடும்.

நம் நாட்டில் இதில்தான் பெரிய சவால். எபோக்சி பூசும் பரப்பின் வெப்பநிலை, காற்றின் பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகை கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலின் விதி. பனிநிலை என்பது காற்றிலுள்ள நீராவி நீராக உறையத் தொடங்கும் வெப்பநிலை. காற்று 30 பாகையிலும் ஈரப்பதம் 85 விழுக்காட்டிலும் இருந்தால் பனிநிலை ஏறத்தாழ 27. வேறுபாடு 3க்கும் சற்றுக் குறைவு. பூசக்கூடாது! காற்று 32 பாகை, ஈரப்பதம் 65 விழுக்காடு என்றால் பனிநிலை ஏறத்தாழ 25. இப்போது பூசலாம். ஆகவே மழையில்லாத நாளில், பனி விலகிய முற்பகலிலிருந்து பிற்பகல்வரைதான் நமக்குக் கிடைக்கும் நேரம். மாலையில் வானம் கறுத்தால் வேலையை நிறுத்த வேண்டியதுதான்.

வந்தபின் தீர்க்க

அம்மை வந்துவிட்ட படகுக்கு மேற்பூச்சு உதவாது. கொப்புளங்களைத் திறந்து, கெட்டுப்போன ஜெல்கோட்டைச் சீவி எடுக்க வேண்டும். அடுத்து என்ன? வெயிலில் காயவைக்கலாம் என்பீர்கள். இங்கே இன்னொரு வேதியியல் நுட்பம் உண்டு. நீர் ஆவியாகும். கிளைக்கால் எளிதில் ஆவியாகாது. புரோப்பிலீன் கிளைக்காலின் கொதிநிலை 188 பாகை. போதாக்குறைக்கு அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எத்தனை வாரம் வெயிலில் வைத்தாலும் அந்த இடம் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே முதலில் கழுவ வேண்டும். நன்னீரால், முடிந்தால் வெந்நீரால், விட்டுவிட்டுப் பல நாள் கழுவ வேண்டும். கரையும் பொருளைக் கரைத்தே வெளியேற்றுவது. நோயைக் கொண்டுவந்த நீரே இப்போது மருந்து. பி.எச். தாளில் அமிலம் தெரியாத நிலை வந்ததும் உலர்த்தி, ஈரமானியால் அளந்து, பள்ளங்களை எபோக்சிக் கலவையால் நிரப்பி, பிறகு பூச்சு. இதற்கு வாரக்கணக்கிலும் சில வேளை மாதக்கணக்கிலும் ஆகும். அத்தனை நாளும் படகு சம்பாதிக்காது. முதலிலேயே செய்திருக்கக்கூடிய கால் மில்லிமீட்டர் பூச்சின் மதிப்பு அப்போதுதான் புரியும்.

செய்து பாருங்கள்

ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஃபைபர் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஆகவே பிசின் வேலையை வீட்டில் முயல வேண்டாம். பாதுகாப்பான இரு சோதனைகள் இதோ.

சோதனை 1: ஒரே அளவான மூன்று உருளைக்கிழங்குத் துண்டுகளை வெட்டி எடை பாருங்கள். மூன்று கிண்ணங்களில் ஒரே அளவு நீர் எடுங்கள். முதலாவதில் உப்பு வேண்டாம். இரண்டாவதில் ஒரு தேக்கரண்டி, மூன்றாவதில் மூன்று தேக்கரண்டி உப்பு. துண்டுகளைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் துடைத்து மீண்டும் எடை பாருங்கள். எது பருத்தது? எது சுருங்கியது? நன்னீரில் படகுக்கு ஏன் ஆபத்து அதிகம் என்பது கைமேல் தெரியும்.

சோதனை 2: பளபளப்பான எவர்சில்வர் குவளையில் பாதி அளவு நீர் ஊற்றி வெப்பமானியை வையுங்கள். சிறுசிறு பனிக்கட்டித் துண்டுகளைப் போட்டு மெல்லக் கலக்குங்கள். குவளையின் வெளிப்புறம் மங்கத் தொடங்கும் கணத்தில் வெப்பநிலையைக் குறியுங்கள். அதுவே அந்த நேரத்துப் பனிநிலை. காலை 7 மணி, நண்பகல், மாலை 6 மணி என மூன்று வேளையும் அளந்து, காற்றின் வெப்பநிலையோடு ஒப்பிடுங்கள். எந்த வேளையில் 3 பாகைக்குமேல் இடைவெளி இருக்கிறது? உங்கள் ஊரில் படகுக்கு எபோக்சி பூச எந்த நேரம் ஏற்றது என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

இந்தத் துறையில் ஆர்வம் பிறந்தால் வழி தொலைவில் இல்லை. ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கப்பல் வடிவமைப்புப் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. பாசிர் கூடாங்கில் கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. ஜொகூர் மாணவருக்குக் கடல் ஒரு பாடப்புத்தகம் போலப் பக்கத்திலேயே விரிந்து கிடக்கிறது.

உயிரணுச் சவ்வைப் பற்றித் தேர்வில் எழுதும்போது அது ஒரு கேள்வி, சில மதிப்பெண். அதே விதி படகின் அடியில் வேலை செய்யும்போது அது ஒரு குடும்பத்தின் வருமானம். அடுத்த முறை துறைமுகப் பக்கம் போனால், கரையேற்றிய ஃபைபர் படகு ஒன்றின் அடியைச் சற்றுக் குனிந்து பாருங்கள். படகுக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: “கடைசியாக எப்போது காயவைத்தீர்கள்? அடியில் எபோக்சி அடித்திருக்கிறீர்களா?” அவர் பதில் சொல்லத் தொடங்கினால் நின்று கேளுங்கள். உங்கள் பாடநூலில் இல்லாத பக்கங்கள் அவரிடம் இருக்கும்.